தடையில்லை என்றால் இடமுண்டு என்று பொருளா?



தமிழ் கற்பிப்போருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த அறிவிப்பைக் கண்டாலும் அதிலுள்ள சொற்களை இருமுறை படித்துப் பார்ப்போம். மற்றவர்கள் எளிதாகக் கடந்துவிடும் ஒரு சொல்லில் நாங்கள் நின்றுவிடுவோம். அவ்வாறு என்னை நீண்ட நாள் நிற்க வைத்த சொற்கள் இரண்டு. ஒன்று ‘தடையில்லை’, மற்றொன்று ‘இடமுண்டு’.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே பொருளைத் தருவனபோல் தோன்றும். ஆயினும் சற்று எண்ணிப் பாருங்கள். பொது நூலகத்திற்குள் நுழைய நம் யாருக்கும் தடையில்லை. தேர்வுக் காலத்தில் போனால் அமர்வதற்கு ஒரு நாற்காலி கூடக் கிடைக்காது. ‘தடையில்லை’ என்பது அனுமதியைக் குறிக்கும் சொல். ‘இடமுண்டு’ என்பது உறுதியைக் குறிக்கும் சொல். கேளிக்கைப் பூங்காக்களின் ஆண்டு அட்டையை வாங்கும் குடும்பங்கள் இன்று இவ்விரு சொற்களுக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருக்கின்றன. என் குடும்பமும் ஓராண்டு காலம் அங்கே நின்றது. அந்த அனுபவத்தையும், அதையொட்டி நான் அறிந்துகொண்டவற்றையும் இன்று பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் ஆண்டு அட்டை என்பது எதற்காகத் தோன்றியது என்பதைப் பார்ப்போம். இன்றைய கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் முன்னோடியாகக் கருதப்படும் டிஸ்னிலேண்ட், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள அனஹைம் நகரில் 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் திறக்கப்பட்டது. தொடக்கக் காலத்தில் உள்ளே நுழைவதற்கு ஒரு கட்டணம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனிச் சீட்டு. நம் ஊர்த் திருவிழாக்களில் இராட்டினத்திற்கும் இரயிலுக்கும் தனித்தனியாகக் காசு கொடுப்பதைப் போன்றது அது. பின்னர் 1980களில் அந்த முறை மறைந்தது. ஒரே சீட்டில் எல்லா விளையாட்டுகளும் என்றானது. அதே பத்தாண்டில் ஆண்டு அட்டையும் வந்தது.

ஆண்டு அட்டையின் உயிர் ஒரே கருத்தில் இருந்தது: ஒரு முறை பணம் கட்டு, விரும்பும் நாளில் வா. அருகில் வாழ்வோர் அதனைத் தங்கள் வீட்டுத் தோட்டம்போல் பயன்படுத்தினர். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் உலாவிவிட்டு, வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினர். தொலைவிலிருந்து வருவோர் பல மாதங்கள் திட்டமிட்டு ஒரு நாள் வருவர். அட்டைதாரரோ அன்று மாலை மனத்திற்குத் தோன்றினால் வருவார். திட்டமிடாமல் வரலாம் என்பதே அந்த அட்டைக்குக் கொடுத்த விலை.

எல்லாரும் விரும்பும் நாள் ஒரே நாளாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அதற்காகப் பூங்காக்கள் ‘தடை நாள்’ என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. விலை குறைந்த அட்டையானால் வார இறுதியிலும் விடுமுறைகளிலும் நுழைய இயலாது. விலை கூடக் கூடத் தடை நாள்கள் குறையும். இதில் ஒளிவு மறைவு இல்லை. நாள்காட்டியைக் காட்டித்தான் விற்கிறார்கள். எந்த நாளில் கதவு மூடியிருக்கும் என்பதை அறிந்தே வாங்குகிறோம்.

ஆசிரியர்களாகிய நமக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு. பள்ளி நாளில் நாம் எங்கும் போக இயலாது. சனிக்கிழமைகளில் புறப்பாட நடவடிக்கை, ஆசிரியர் பயிற்சி என்று ஏதேனும் ஒன்று வந்துவிடும். எஞ்சுவன ஞாயிற்றுக்கிழமைகளும் பள்ளி விடுமுறைகளும் பெருநாள்களுமே. மலிவான அட்டைகளில் பெரும்பாலும் இந்நாள்களே தடை நாள்கள். ஆகவே, பள்ளிக்கூடத்தோடு வாழ்க்கை கட்டுண்ட குடும்பங்கள் விலை உயர்ந்த அட்டையையே வாங்கியாக வேண்டியுள்ளது.

இந்த நிலையில்தான் 2020ஆம் ஆண்டு வந்தது. மார்ச் 14ஆம் நாள் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் மூடப்பட்டது. அதே மாதம் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. உலகெங்கும் இராட்டினங்கள் நின்றுபோயின. மீண்டும் திறந்தபோது, ஒரு நேரத்தில் இத்தனை பேர்தாம் உள்ளே இருக்கலாம் என்னும் கட்டுப்பாடு இருந்தது. எத்தனை பேர் வருவர் என்று முன்னரே தெரிந்தால்தான் அதனைக் கடைப்பிடிக்க முடியும். எனவே முன்பதிவு பிறந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் அதைக் குறை கூறுவதற்கு எவருக்கும் காரணம் இல்லை.

நோய் தணிந்த பின்னரும் முன்பதிவு பல இடங்களில் தங்கிவிட்டது. கலிபோர்னியாவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில், நாம் பேசும் சொற்சிக்கல் அங்கே நீதிமன்றம் வரை சென்றது.

2021 ஜனவரியில் டிஸ்னிலேண்ட் தன் பழைய ஆண்டு அட்டைத் திட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 2021 ஏப்ரல் 30ஆம் நாள் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ‘மேஜிக் கீ’ என்னும் புதிய திட்டம் விற்பனைக்கு வந்தது. அதில் நான்கு வகைகள். மிகக் குறைந்த விலை 399 டாலர். அது தென் கலிபோர்னியாவில் வாழ்வோருக்கு மட்டும். மிக உயர்ந்ததாகிய ‘ட்ரீம் கீ’ 1,399 டாலர். அதற்குத் தடை நாள்களே இல்லை என்று விளம்பரப்படுத்தப்பட்டது. ஆயினும் நான்கு வகை அட்டைக்கும் முன்பதிவு கட்டாயம்.

தொடக்கத்தில் வகுக்கப்பட்ட விதிகள் இவை. விலை உயர்ந்த இரு வகை அட்டைகளில் ஒரே சமயத்தில் ஆறு முன்பதிவுகள் வரை வைத்திருக்கலாம், அடுத்ததில் நான்கு, மலிவானதில் இரண்டு. வர இயலாவிட்டால் முதல் நாள் இரவு 11.59 மணிக்குள் நீக்கிவிட வேண்டும். 90 நாள்களுக்குள் மும்முறை பதிவு செய்துவிட்டு வராதிருந்தால், 30 நாள்களுக்குப் புதிய முன்பதிவு செய்ய முடியாது.

2021 இறுதியில் ட்ரீம் கீ வைத்திருந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். தாம் செல்ல விரும்பிய நாள்களில் அட்டைதாரருக்கு இடமில்லை என்று காட்டப்பட்டது. அதே நாள்களுக்கு ஒருநாள் சீட்டுகள் விற்பனையில் இருந்தன. தடை நாளே இல்லை என்று சொல்லி விற்றுவிட்டு இவ்வாறு செய்வது முறையா என்பது அவரது வாதம். முன்பதிவு தேவை என்பதும், அதற்கு இடவரம்பு உண்டு என்பதும் நிபந்தனைகளில் தெளிவாக இருந்தன என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. இறுதியில் 2023இல் இரு தரப்பும் 95 இலட்சம் டாலருக்கு இணக்கம் கண்டன. நிறுவனம் தன் மீது தவறு இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஏறத்தாழ 103,000 அட்டைதாரர்களுக்கு அத்தொகை பகிரப்பட்டபோது, வழக்குச் செலவுகள் போக ஒவ்வொருவருக்கும் கிடைத்தது 67 டாலர் அளவே. இதற்கிடையில் 2022 ஆகஸ்டில் புதிய அட்டைகள் வந்தன. மிக உயர்ந்த வகையின் பெயர் ‘இன்ஸ்பயர் கீ’ என மாறியது. விலை 1,599 டாலர் ஆனது. கிறிஸ்துமஸ் காலத்தில் அதற்கும் தடை நாள்கள் விதிக்கப்பட்டன.

‘தடையில்லை’ என்ற சொல்லைக் கேட்டவர்கள் ‘இடமுண்டு’ என்று பொருள் கொண்டனர். வழக்கின் சாரம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இது வேறு பூங்கா. நம் நாட்டில் உள்ளது. அதன் பெயர் இங்குத் தேவையில்லை.

என் தந்தையார் இளமைக் காலம் முழுவதையும் தோட்டத்தில் பால்மரம் சீவிக் கழித்தவர். சில ஆண்டுகளாக அவருக்கு நடுக்குவாத நோய். அந்த நோயோடு வாழும் குடும்பங்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். சில நாள் காலையில் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டு, வாசலில் நாளிதழோடு அமர்ந்திருப்பார். சில நாள் கட்டிலிலிருந்து எழுவதற்கே இருவர் துணை வேண்டும். மருந்து வேலை செய்யும்போது நடமாட்டம் இலகுவாக இருக்கும். அதன் வலிமை குறையும்போது கைகால்கள் இறுகிவிடும். நாளைய நாள் எப்படி இருக்கும் என்பதை மருத்துவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

எட்டு வயதுப் பேத்தியோடு அந்தப் பூங்காவிற்குப் போவதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. அவர் எந்த விளையாட்டிலும் ஏறமாட்டார். குடை இராட்டினத்திற்கு எதிரே ஒரு மரத்தடியில் நீண்ட இருக்கை ஒன்று உண்டு. அதில் அமர்ந்துகொள்வார். பேத்தி சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் கையை உயர்த்துவார். நடுங்கும் கைதான், அவள் அதைத் தாத்தா கையசைப்பதாகவே எண்ணிக்கொள்வாள்.

இதற்காகத்தான் 2023 மார்ச் மாதம் நான்கு பேருக்கும் ஆண்டு அட்டை வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தடையில்லாத உயர்ந்த வகை அட்டை. நிபந்தனைகளை முழுமையாகப் படித்த பின்னரே பணம் கட்டினேன். முன்பதிவு தேவை என்று எழுதியிருந்தது. அட்டைதாரருக்கென ஒவ்வொரு நாளும் தனி ஒதுக்கீடு உண்டு என்பதும், அது நிறைந்துவிட்டால் பூங்காவில் இடமிருந்தாலும் அட்டைக்கு இடமில்லை என்பதும் அதில் எங்கும் எழுதப்படவில்லை.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் அப்பா காலையிலேயே காலணி அணிந்து, அதன் கயிற்றைத் தாமே கட்டிக்கொண்டு கூடத்தில் அமர்ந்திருந்தார்.

“இன்னிக்கு உடம்பு லேசா இருக்கும்மா. பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வருவோமா?” என்றார்.

கைப்பேசியில் செயலியைத் திறந்தேன். அன்றைய நாள் சாம்பல் நிறத்தில் இருந்தது. அட்டைதாரர்களுக்கான இடங்கள் நிறைந்துவிட்டன என்ற அறிவிப்பு. அதே செயலியில் அடுத்த பக்கத்தைத் திறந்தால், அதே நாளுக்கு ஒருநாள் சீட்டு விற்பனையில் இருந்தது. தொலைபேசியில் அழைத்தேன். பேசிய பெண் மிகப் பணிவாக மலாய்மொழியில் விளக்கினார். அவர் சொன்னதன் பொருள் இது: “உங்கள் அட்டைக்கு இன்று தடை எதுவும் இல்லை அம்மா, இடம்தான் இல்லை.”

ஒருநாள் சீட்டே வாங்கிவிடலாம் என்றார் என் கணவர். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “காசு கட்டின எடத்துக்கு இன்னொரு தடவ காசு கட்டுறதா? வேணாம். அடுத்த வாரம் போவோம்,” என்று சொல்லிவிட்டுக் காலணியைக் கழற்றத் தொடங்கினார். அடுத்த வாரம் இடம் கிடைத்தது. அந்த ஞாயிறு அப்பாவால் படுக்கையை விட்டு எழ இயலவில்லை.

அதன் பிறகு அந்த விதிகளோடு வாழப் பழகிக்கொண்டோம். எங்கள் அட்டையில் ஒரே சமயத்தில் மூன்று முன்பதிவுகள் வைத்துக்கொள்ளலாம். எனவே அடுத்து வரும் மூன்று ஞாயிறுகளையும் எப்போதும் பிடித்து வைத்திருப்போம். ஒன்று கழிந்தவுடன் புதிய ஒன்றைச் சேர்ப்போம். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அப்பாவின் நிலையைப் பார்ப்போம். இரவு உறக்கமில்லை, கால் இறுகியிருக்கிறது என்றால் நள்ளிரவுக்குள் பதிவை நீக்கிவிடுவோம். சனி இரவு பத்து மணிக்கு மேல் செயலியைப் பார்த்தால், நிறைந்திருந்த ஞாயிறுகளில் மீண்டும் இடம் தோன்றுவதையும் கண்டுகொண்டேன். எங்களைப் போலவே ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் அந்நேரத்தில் பதிவை நீக்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நால்வருக்கும் ஒரே குழுவாகப் பதிவு செய்தாலும், ஒருவரை மட்டும் தனியே நீக்க முடியும் என்பதும் பயனுள்ள செய்தி. அப்பாவுக்கு இயலாத நாளில் மற்றவர்கள் போய்வர அது உதவியது.

ஒரே ஒரு முறை மட்டும் கணக்குத் தப்பியது. இரவு நன்றாக இருந்தவர் காலையில் எழ முடியாமல் போனார். அவரை விட்டுவிட்டுப் போக எவருக்கும் மனமில்லை. நீக்குவதற்கான நேரமோ கடந்துவிட்டது. பதிவு செய்துவிட்டு வராதவர்கள் என்று எங்கள் கணக்கில் ஒரு குறி விழுந்தது. நோயாளிக்கும் இந்தத் தண்டனையா என்று நான் பொருமினேன். அப்பாதான் என்னை அமைதிப்படுத்தினார்.

“பெரட்டுல பேரு குடுத்துட்டு வரலைன்னா அந்த நெர சும்மா கெடக்கும்மா. அந்த எடத்துக்கு இன்னொருத்தன் காத்துக்கிட்டு நின்னிருப்பான்.”

தோட்டப்புறத்தை அறியாத இளையோருக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் தொழிலாளர்களை ஒன்றுகூட்டிப் பெயர் அழைத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடமே பெரட்டு. நெரை என்பது ஒருவருக்கு ஒதுக்கப்படும் பால்மர வரிசை. வராதவன் தன் இடத்தை மட்டுமா வீணாக்குகிறான்? மற்றொருவனின் நாள் கூலியையும் வீணாக்குகிறான் என்பது அவர்களின் அறம். முன்பதிவு விதியில் உள்ள நியாயத்தைப் பள்ளிப் படிப்பு அதிகமில்லாத என் தந்தையார் ஒரு நொடியில் கண்டுகொண்டார். அதன் பிறகு அந்தத் தண்டனையை நான் குறை கூறியதில்லை.

அவர் சொன்னதையே சற்று நீட்டிப் பார்த்தால்தான் மற்ற பாதி விளங்குகிறது. பெரட்டில் பெயர் கொடுத்தவன் வரவேண்டும் என்பது சரி. பெரட்டுக்கு வந்து நிற்பவனிடம், “வேலை இருக்கிறது, ஆனால் உன் பட்டியலுக்கு இல்லை” என்று கங்காணி சொன்னால் அது சரியாகுமா? ஒருநாள் சீட்டுக்கு இடமிருக்கும் நாளில் அட்டைக்கு இடமில்லை என்பது அவ்வாறு சொல்வதைப் போன்றதே. பூங்காவின் பக்கமும் எண்ணிப் பார்க்கிறேன். அட்டைதாரர் கட்ட வேண்டியதை முன்னரே கட்டிவிட்டார். அன்று புதிதாகப் பணம் தருபவர் ஒருநாள் சீட்டுக்காரர். வணிகத்தின் கணக்கு அப்படித்தான் ஓடும். அப்படியென்றால் அந்தக் கணக்கை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கு வழியில்லை என்று யாரும் சொல்ல இயலாது. புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு 2020 ஜூலையில் மீண்டும் திறந்தபோது எல்லாருக்கும் முன்பதிவைக் கட்டாயமாக்கியது. 2023 ஏப்ரல் 18 முதல், ஆண்டு அட்டைதாரர் பிற்பகல் 2 மணிக்கு மேல் முன்பதிவின்றி வரலாம் என்று தளர்த்தியது. மேஜிக் கிங்டம் பூங்காவில் சனி, ஞாயிறுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. 2024 ஜனவரி 9 முதல், நாள் குறித்து வாங்கும் சீட்டுகளுக்கு முன்பதிவே தேவையில்லை என்றானது. அட்டைதாரர்கள் பதிவின்றி வரக்கூடிய நாள்களும் நாள்காட்டியில் குறித்துத் தரப்பட்டன. ‘வரக்கூடாத நாள்’ என்பதைப் போலவே ‘கேளாமல் வரக்கூடிய நாள்’ என்பதையும் எழுதிவைக்க முடியும் என்பதற்கு இது சான்று. எங்கள் பூங்காவிலும் பிற்பகலுக்கு மேல் வர அனுமதி இருந்திருந்தால், அந்த மே மாத ஞாயிறில் அப்பா காலணியைக் கழற்றியிருக்க வேண்டாம்.

2024 பிப்ரவரியில் அட்டை முடிவுற்றபோது கணக்குப் பார்த்தேன். செய்த முன்பதிவுகள் 34. நாங்களே நீக்கியவை 22. போகாமல் தவறியது 1. போய் வந்தவை 11. அவற்றில் அப்பா உடன் வந்தவை 7. பணக் கணக்கில் பெரிய இழப்பில்லை. ஒருநாள் சீட்டுகளின் விலையோடு ஒப்பிட்டால் ஆதாயமே. ஆனால் அந்த 22 சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் அப்பாவின் காலையும் கையையும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எந்த அட்டையிலும் விலை குறிப்பிடப்படவில்லை. ஒரு மனிதரை வாரந்தோறும் ‘நாளைக்குத் தேறுவாரா’ என்று எடைபோட்டுப் பார்ப்பது நல்ல பழக்கமன்று. அவரும் அதை உணர்ந்திருந்தார். கடைசி மாதங்களில் இயலாத நாளிலும் “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்று சொல்லத் தொடங்கினார். அதனால் அட்டையைப் புதுப்பிக்கவில்லை. நகராண்மைக் கழகத்தின் ஏரிப் பூங்கா வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. அப்பாவுக்கு உடம்பு இலேசாக இருக்கும் காலையில் அங்கே போகிறோம். இராட்டினம் இல்லை என்பது மகளின் குறை. பள்ளி விடுமுறையில் ஒரு முறை ஒருநாள் சீட்டு எடுத்து அவளை மட்டும் அழைத்துச் செல்கிறோம்.

ஆண்டு அட்டையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். திட்டமிட இயலும் குடும்பங்களுக்கு அது நல்ல வாய்ப்பு. வாங்கும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

1. தடை நாள்களின் பட்டியலைப் பள்ளி நாள்காட்டியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு உண்மையில் எஞ்சும் நாள்கள் எத்தனை?

2. அட்டைதாரருக்குத் தனி ஒதுக்கீடு உண்டா? ஒருநாள் சீட்டு விற்பனையில் இருக்கும் நாளில் அட்டைக்கும் இடம் கிடைக்குமா? இதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

3. அன்று காலையில் பதிவு செய்ய முடியுமா? பிற்பகலுக்கு மேல் பதிவின்றி நுழைய வழி உண்டா?

4. ஒரே சமயத்தில் எத்தனை பதிவுகள்? எத்தனை மணிக்குள் நீக்க வேண்டும்? எத்தனை முறை தவறினால் என்ன தண்டனை? நோயாளி, மாற்றுத் திறனாளி ஆகியோருக்கு விலக்கு உண்டா?

5. ஆண்டின் நடுவில் விதிகள் மாறினால் பணத்தைத் திருப்பித் தருவார்களா?

இவற்றிற்குத் தெளிவான பதில் கிடைத்த பின் வாங்கினால் மனவருத்தம் குறையும். சொன்னதற்கு மாறாக நடந்தால், நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுவைப் பதிவு செய்யும் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. பலருக்கு இப்படி ஒரு வாயில் இருப்பதே தெரிவதில்லை.

நிறைவாக ஒன்று. சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பாடத்தில் ஒரு பயிற்சி கொடுத்தேன். பூங்காவின் பெயரை நீக்கிவிட்டு, ஆண்டு அட்டையின் நிபந்தனைகளைத் தமிழில் எழுதி, “இதனை உன் பாட்டிக்குப் புரியும்படி இரண்டு வரியில் எழுது” என்றேன். பலர் நன்றாகவே எழுதினர். ஒரு மாணவி எழுதியதை மட்டும் என் குறிப்பேட்டில் படியெடுத்து வைத்திருக்கிறேன்: “பாட்டி, கதவைப் பூட்ட மாட்டார்கள். ஆனால் வருவதற்கு முன்பு ‘வரலாமா?’ என்று கேட்க வேண்டும். அவர்கள் ‘இன்று வேண்டாம்’ என்றும் சொல்லலாம்.”

இந்த இரண்டு வரியை விற்பனை முகப்பில் எழுதி வைக்கும் பூங்காவில் நான் மகிழ்ச்சியோடு அட்டை வாங்குவேன். சொற்களை நிறுத்திப் படிக்கும் பிள்ளைகளை உருவாக்குவோம். அவர்கள் வளர்ந்து விதிகளை எழுதும் இடத்தில் அமரும்போது தெளிவாக எழுதுவார்கள்.